இரண்டு டயலும் ஒரு கொத்தனார் டியூபும்: கார்புரேட்டர் வெற்றிட அளவிப் பெட்டி, ஓராண்டு உபயோகத்துக்குப் பிறகு

மோட்டார் சைக்கிளில் காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் இரண்டு கார்புரேட்டர்களும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வாங்கிய டயல் பெட்டி இது. பார்சலைப் பிரித்ததும் முதலில் கண்ணில் பட்டது, இரண்டு முள்ளும் பூஜ்யத்தில் இல்லை என்பதுதான். குழாய் எதுவும் மாட்டவில்லை. வண்டி கொட்டகையில் சும்மா நிற்கிறது. ஆனால் இடப்பக்க டயல் பாதரசக் கணக்கில் 5 அங்குல வெற்றிடம் காட்டுகிறது, வலப்பக்க டயல் 4 காட்டுகிறது. வீடியோ அழைப்பில் பார்த்துக்கொண்டிருந்த மகன், "அப்பா, உடைந்ததை அனுப்பிவிட்டார்கள். இன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள்" என்று கோயம்புத்தூரிலிருந்து கத்தினான். நான் பெட்டியை மூடவில்லை, எனக்குச் சிரிப்புதான் வந்தது.

குன்னூர் பக்கத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் 31 ஆண்டுகள் பிட்டராக இருந்தவன் நான். டிரையர், வாட்டும் தொட்டியின் விசிறி, ஜெனரேட்டர், கம்பிரஸர் என்று முள் ஆடும் கருவி எதுவானாலும் அது என் தலையில்தான் விடியும். கிளிசரின் நிரப்பிய டயல் மலைக்கு வந்தால் இப்படித்தான் முழிக்கும் என்பதை வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே மேஸ்திரி காட்டிக் கொடுத்திருக்கிறார். டயலின் கூடு காற்றுப் புகாமல் அடைத்தது. கீழே சமவெளியில் அடைத்தபோது உள்ளே சிக்கிய காற்று, அந்த ஊர் அழுத்தத்தையும் கட்டிக்கொண்டு மலையேறி வருகிறது. கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 76 சென்டிமீட்டர் பாதரசம். 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கும் குன்னூரில் அது ஏறத்தாழ 61தான். முள்ளை நகர்த்தும் வளைந்த பித்தளைக் குழாய்க்கு உள்ளே குன்னூர்க் காற்று, வெளியே சமவெளிக் காற்று. உள்ளே அழுத்தம் குறைவாக இருக்கிறது என்று டயல் உண்மையைத்தான் சொல்கிறது, கேட்பவருக்குத்தான் புரிவதில்லை.

டயலின் உச்சியில் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு ரப்பர் அடைப்பு இருக்கிறது. அதன் ஓரத்தை நகத்தால் நெம்பினேன். புஸ்ஸென்று மெல்லிய சத்தம். இடப்பக்க முள் சரசரவென்று இறங்கிப் பூஜ்யத்தில் நின்றது. வலப்பக்க முள்ளும் இறங்கியது; ஆனால் பூஜ்யத்தைத் தாண்டி அரை அங்குலம் கீழே போய் நின்றுகொண்டது. இந்த அரை அங்குலம் மலையின் குற்றம் அல்ல, செய்தவர்களின் குற்றம். அதைப் பிறகு சொல்கிறேன்.

மலையில் இருக்கும் யாராவது இந்த மாதிரி கிளிசரின் நிரப்பிய டயல் வாங்கினால் முதல் வேலையாக அந்த ரப்பரை நெம்புங்கள். "குறைபாடுள்ள பொருள்" என்று இந்தப் பெட்டிக்கு வந்திருக்கும் புகார்களில் பாதி இதனால்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

வண்டி மகனுடையது. கவாசாகி நிஞ்சா 250ஆர், பச்சை நிறம், 2011ஆம் ஆண்டு வண்டி, இரண்டாவது கையாக வாங்கியது. 2009இல் இந்தியாவுக்கு வந்த இந்த வண்டிக்கு ஐரோப்பாவில், கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சும் பியூயல் இன்ஜெக்‌ஷன் கொடுத்தார்கள். நமக்கு வந்தது இரண்டு கெய்ஹின் கார்புரேட்டர்கள். மகன் அதைக் குறை என்பான். எனக்கு அது கொடுப்பினை. இன்ஜெக்‌ஷனாக இருந்திருந்தால் நான் வெறும் துடைக்கும் துணியோடு நின்றிருப்பேன்.

அதற்கு வந்த கோளாறு இது. நேர்ச்சாலையில் நன்றாக ஓடும். பர்லியாரிலிருந்து குன்னூர் ஏறும்போது கொண்டை ஊசி வளைவுக்குள் ஆக்ஸிலரேட்டரை மூடி, வளைவின் நடுவில் மெல்லத் திறந்தால், ஒரு கணம் ஒன்றும் நடக்காது. அடுத்த கணம் யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளியதுபோல ஒரு உதறல். ஈரச் சாலையில், எதிரே பஸ் திரும்பிக்கொண்டிருக்கும்போது, அந்த ஒரு உதறல் போதும். நின்ற இடத்தில் இன்ஜின் ஓடும்போதும் கிளட்ச் பக்கம் கடகடவென்று ஒரு சத்தம். கீழே ஒரு பெரிய சர்வீஸ் கடையில் விட்டோம். 3,800 ரூபாய் பில் போட்டு, "டியூனிங் செய்யப்பட்டது" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தார்கள். வண்டி போனபடியே திரும்பி வந்தது. டேங்க்கைத் தாங்கும் போல்ட்டின் தலையில் படிந்திருந்த தூசு கலையவே இல்லை. டேங்க்கைக் கழற்றாமல் இந்த வண்டியின் கார்புரேட்டரை எப்படிச் சமன் செய்தார்கள் என்று நான் கேட்கவில்லை, மகனுக்குச் சங்கடமாகிவிடும்.

வீட்டில் நான் செய்த முதல் சோதனைக்கு ஒரு பைசா செலவில்லை. காலையில் குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பி, அரை நிமிடம் கழித்து இரண்டு எக்ஸாஸ்ட் குழாய்களின் கழுத்திலும் விரலால் தண்ணீர் தெளித்தேன். வலப்பக்கம் சுர்ரென்று ஆவியாகிவிட்டது. இடப்பக்கத்தில் துளி சற்று நேரம் உருண்டு யோசித்துவிட்டுத்தான் போனது. ஒரு சிலிண்டர் உழைக்கிறது, இன்னொன்று அதன் தோளில் சாய்ந்து வருகிறது.

இரண்டு கார்புரேட்டர்களிலும் ஆளுக்கொரு பட்டாம்பூச்சி வால்வு. இரண்டையும் ஒரே கேபிள்தான் திறக்கிறது. நடுவில் இருக்கும் ஒரு சிறிய திருகுதான் ஒன்றையொன்று ஒத்துப்போக வைக்கிறது. அந்தத் திருகு பிசகினால் ஒரு வால்வு இன்னொன்றைவிட ஒரு முடியளவு அதிகம் திறந்திருக்கும். முழுக்கத் திறந்து ஓட்டும்போது அந்த முடியளவு பொருட்டே அல்ல. ஆனால் ஏறக்குறைய மூடியிருக்கும்போது மொத்தத் திறப்பே சில முடியளவுதானே. அதனால்தான் சமவெளியில் ஓட்டுபவர் பல மாதங்கள் கவனிக்காமல் விடும் கோளாறு, மலையில் ஓட்டுபவருக்கு முதல் வளைவிலேயே தெரிந்துவிடுகிறது. எங்கள் ஊர்ச் சாலையில் ஆக்ஸிலரேட்டர் பாதி நேரம் அந்த முடியளவில்தான் இருக்கும்.

வால்வு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதை அளக்கலாம். வால்வு அதிகம் திறந்த பக்கம் வெற்றிடம் குறையும்; மூடிய பக்கம் கூடும். இரண்டும் சமமாகும்வரை நடுத் திருகைத் திருப்ப வேண்டும். இவ்வளவுதான் விஷயம்.

டயல் வாங்குவதற்கு முன் நான் கையில் எடுத்தது கொத்தனார் டியூபைத்தான். பக்கத்து வீட்டில் தடுப்புச் சுவர் எழுப்பிக்கொண்டிருந்த கொத்தனாரிடம், மட்டம் பார்க்கும் கண்ணாடி நிற டியூபைக் கடனாக வாங்கினேன். ஏறக்குறைய நான்கு மீட்டர். அதை ஆளுயரப் பலகையில் யு வடிவில் வளைத்துக் கட்டி, அடியில் டூ-ஸ்ட்ரோக் எண்ணெய் ஊற்றி, ஒரு முனையை இடக் கார்புரேட்டரின் வெற்றிட முனையிலும் மறுமுனையை வலதிலும் மாட்டினேன். அதிகம் உறிஞ்சும் பக்கத்தில் எண்ணெய் ஏறும். தொழிற்சாலையில் வாட்டும் தொட்டிக்குக் காற்று சரியாகப் போகிறதா என்று நீர் மானோமீட்டரில் பார்ப்போமே, அதன் தம்பி இது. தண்ணீருக்குப் பதில் டூ-ஸ்ட்ரோக் எண்ணெய் எதற்கென்றால், தப்பித்தவறி இன்ஜின் குடித்துவிட்டாலும் எரிந்து போய்விடும்.

தப்பித்தவறி எல்லாம் இல்லை, கிளப்பிய மூன்றாவது நொடியிலேயே குடித்துவிட்டது. எண்ணெய் இடப்பக்கம் விறுவிறுவென்று ஏறி, பலகையின் உச்சியைத் தாண்டி, இன்ஜினுக்குள் போய்விட்டது. நான் ஓடிப்போய் அணைப்பதற்குள் தெரு முழுக்க நீலப் புகை. ஏற்கெனவே மூடுபனி இறங்கிய காலை. புகை மேலே போக வழியில்லாமல் மாடிக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த துணிகளுக்குள் குடியேறிவிட்டது. எதிர்வீட்டு அக்கா இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு, "ரிட்டயர் ஆன பிறகும் பேக்டரியை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டீர்களா, அண்ணா?" என்று கேட்டார். அந்தப் போர்வைகளை என் மனைவிதான் மறுபடி துவைத்துக் கொடுத்தார். அதன் பிறகு மூன்று நாள் எனக்குக் காப்பியில் சர்க்கரை குறைந்தது.

தவறு டியூபின்மேல் இல்லை. பாதரசம் எண்ணெயைவிடப் பதினைந்து மடங்கு கனம். ஒரு சென்டிமீட்டர் பாதரச வித்தியாசம் எண்ணெயில் அரை அடி உயரமாகத் தெரியும். அவ்வளவு நுட்பமான கருவி அது. வண்டி மிக மோசமாகப் பிசகியிருக்கும்போது அதை மாட்டியது, தங்கம் நிறுக்கும் தராசில் மூட்டை அரிசியை வைத்தது போல. முதலில் வித்தியாசத்தைக் குறைக்க வேண்டும், அப்புறம்தான் டியூப். அதற்காகத்தான் இந்த டயல் பெட்டியை வாங்கினேன். விலை 2,340 ரூபாய்.

பெட்டிக்குள் இருப்பவை: இரண்டு டயல், அவற்றைப் பிடித்துக்கொள்ளும் தகரத் தாங்கி, இரண்டு ரப்பர் குழாய், குழாய் நடுவில் மாட்டும் இரண்டு பித்தளைக் குமிழ், எட்டு திருகு முனைகள். திருகு முனைகள் வெற்றிடத் துளையில் மரை வெட்டிய வண்டிகளுக்கானவை. இந்த நிஞ்சாவில் குழாயை நேராக முனையில் செருகிவிடலாம் என்பதால் எனக்கு எட்டும் வீண். தாங்கி பரவாயில்லை, கொக்கி மட்டும் மெல்லியது. குழாய்கள்தான் கேவலம். குன்னூர்க் குளிரில் காலையில் கையில் எடுத்தால் முருங்கைக்காய்போல விறைத்திருக்கும். இன்ஜின் சூட்டில் தளர்ந்து முனையிலிருந்து நழுவும். முதல் நாளே அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கடையில் நல்ல பெட்ரோல் குழாயாக ஒரே அளவில் இரண்டு துண்டு வெட்டி வாங்கிக்கொண்டேன். இரண்டின் நீளமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இந்தப் பெட்டியில் உண்மையிலேயே உருப்படியானவை அந்தப் பித்தளைக் குமிழ்கள்தான். சிலிண்டர் தொடர்ந்து உறிஞ்சுவதில்லை, விட்டுவிட்டு உறிஞ்சுகிறது. அதனால் முள் கோழி கொத்துவதுபோல அடித்துக்கொள்ளும். குமிழைத் திருகித் துளையைச் சுருக்கினால் ஆட்டம் அடங்கி முள் ஒரு இடத்தில் நடுங்கும். முழுக்க மூடிவிட்டால் முள் அசையாமல் நின்று, எல்லாம் சரியாக இருப்பதாகப் பொய் சொல்லும். முள் லேசாக, ஒரு கோட்டின் தடிமனுக்கு நடுங்கிக்கொண்டிருக்க வேண்டும், அதுவே அளவு. விலை மலிவான பெட்டிகளில் இந்தக் குமிழ் பிளாஸ்டிக்கில் வரும், இதில் பித்தளை. கிளிசரினும் சேர்ந்துகொள்வதால் ஆட்டம் இன்னும் குறைகிறது.

இப்போது அந்த அரை அங்குலத்துக்கு வருகிறேன். எந்த இரண்டு டயலையும் நம்பி வண்டியில் மாட்டாதீர்கள். முதலில் இரண்டையும் ஒரே வாயில் உறிஞ்ச வையுங்கள். மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் டி வடிவ இணைப்பு ஒன்றை வாங்கி, ஒரே சிலிண்டரின் வெற்றிடத்தை இரண்டு டயலுக்கும் பிரித்துக் கொடுத்தேன். ஒரே காற்று, ஒரே இன்ஜின். இடது 11.5 காட்டியது, வலது 10.9. ஆக 0.6 அங்குல வித்தியாசம் டயல்களுக்குள்ளேயே இருக்கிறது. இதைத் தெரியாமல் சமன் செய்திருந்தால் சரியாக 0.6 அங்குலம் பிசகாகச் சமன் செய்திருப்பேன். மனைவியின் நகப்பூச்சை எடுத்து, இடது டயலின் கண்ணாடியில் 11.5க்கு நேராகவும் வலதில் 10.9க்கு நேராகவும் ஒவ்வொரு சிவப்புப் பொட்டு வைத்தேன். இனி எண்களைப் பார்ப்பதில்லை, பொட்டைத்தான் பார்ப்பேன்.

விற்ற இணையக் கடைக்கு இதை எழுதினேன். வீடியோ அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். "தங்கள் வாகனத்தில் கோளாறு இருக்கலாம்" என்று பதில் வந்தது. ஒரே குழாயில் இரண்டு டயலையும் மாட்டியிருக்கிறேன், வாகனத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று மறுபடி எழுதினேன். அடுத்த கொள்முதலில் 150 ரூபாய் தள்ளுபடி என்று ஒரு கூப்பன் வந்தது. யாரும் படிக்கவில்லை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

டயலின் முகத்தில் 17 முதல் 21 அங்குலம் வரை பச்சை வண்ணம் அடித்து, "இயல்பு" என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கிறது. என் வண்டி இரண்டு பக்கமும் பன்னிரண்டைத் தாண்டவில்லை. வால்வு போய்விட்டதோ என்று பயப்பட வேண்டாம். அந்தப் பச்சை, கடல் மட்டத்தில் ஓடும் கார் இன்ஜினுக்கு. ஆயிரம் அடி ஏறினால் ஏறத்தாழ ஒரு அங்குலம் குறையும். குன்னூருக்கு ஆறு அங்குலம் போய்விட்டது. தவிர, சிலிண்டருக்கு ஒரு தனிக்குழாய் வைத்திருக்கும் மோட்டார் சைக்கிளில் காரைப் போல உயர்ந்த அளவு காட்டாது. நமக்கு வேண்டியது அளவு அல்ல, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே.

வேலைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒதுக்கினேன், எதிர்வீட்டு அக்கா துணி துவைக்காத நாள் என்று உறுதி செய்துகொண்டு. ஏர் பில்டர், பிளக், வால்வு இடைவெளி மூன்றையும் முந்தைய வாரமே பார்த்துவிட்டேன். அவை சரியில்லாமல் கார்புரேட்டரைத் தொடுவது கோணல் சுவருக்கு வெள்ளை அடிப்பது. கார்புரேட்டரை இன்ஜினோடு இணைக்கும் ரப்பர்களில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டேன். வண்டியைக் கொட்டகைக்குள் வைக்கவில்லை, வாசலில், காற்றோட்டத்தில். சைடு ஸ்டாண்டில் சாய்த்து வைத்தால் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் மட்டமும் சாயும் என்பதால், பழைய ஆங்கிள் இரும்பில் நானே வெல்டிங் செய்த ஸ்டாண்டில் நிமிர்த்தி நிறுத்தினேன்.

டேங்க்கைக் கழற்றியாகிவிட்டது, அப்புறம் பெட்ரோல்? காலியான குளுக்கோஸ் பாட்டிலில் அரை லிட்டர் ஊற்றி, வாசல் பேரிக்காய் மரக்கிளையில் தலைகீழாகத் தொங்கவிட்டு, பெட்ரோல் குழாயில் இறக்கினேன். ஆஸ்பத்திரி வார்டு போலவே இருந்தது. மருத்துவமனைக் குழாயை அப்படியே மாட்டக் கூடாது, பெட்ரோல் பட்டால் அது விறைத்துவிடும். பாட்டில் இன்ஜினுக்கு நேர் மேலே தொங்கவும் கூடாது. பக்கத்தில் ஒரு வாளி மணல் வைத்துக்கொண்டேன்.

இன்ஜின் நன்றாகச் சூடேறக் கால் மணி நேரம் ஆனது. அன்று காலை 12 டிகிரிதான் இருந்தது. ஐடிலிங்கை, அதாவது நின்ற இடத்தில் ஓடும் வேகத்தை, நிமிடத்துக்கு 1,300 சுற்றில் நிறுத்திவிட்டு டயலைப் பார்த்தேன். பொட்டுக் கணக்கைச் சேர்த்து இடது 12, வலது 9.5. இரண்டரை அங்குலம், அதாவது ஆறு சென்டிமீட்டருக்கு மேல். இப்படிப்பட்ட இரட்டை சிலிண்டர் வண்டிகளில் இரண்டு சென்டிமீட்டர் பாதரசம் வரைதான் பொறுக்கலாம். எண்ணெய் ஏன் இடப்பக்கம் பாய்ந்து ஓடியது என்பது இப்போது எண்ணாகவே தெரிந்தது: இரண்டு மட்டத்துக்கும் மூன்றடிக்கு மேல் வித்தியாசம் வேண்டியிருந்தது, நான் அடியில் ஊற்றியிருந்த எண்ணெய் அதற்குப் போதவில்லை.

நடுத் திருகு இரண்டு கார்புரேட்டருக்கும் இடையில், கை நுழையாத சந்தில் இருக்கிறது. நீளமான, மெல்லிய திருப்புளி வேண்டும். கால் சுற்றுத் திருப்பியதும் இரண்டு முள்ளும் ஒன்றையொன்று நோக்கி நகர்ந்தன. அங்கேயே நிறுத்திவிடக் கூடாது. ஆக்ஸிலரேட்டரை இரண்டு முறை உறுமவிட்டு விட வேண்டும். அப்போதுதான் இணைப்புக் கம்பிகள் தம் இடத்தில் உட்காரும். உறுமவிட்டதும் நான் சரியென்று நினைத்தது மறுபடி அரை அங்குலம் விலகியது. திரும்பவும் ஒரு சிட்டிகை. திரும்பவும் உறுமல். ஐந்தாவது முறையில் இரண்டு முள்ளும் அவரவர் பொட்டில் போய் நின்றன. கடகடச் சத்தம் பாதியாகக் குறைந்துவிட்டது. ஐடிலிங் தானாகவே 1,500க்கு ஏறியது. இரண்டாவது சிலிண்டரும் இப்போது வேலைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அதை ஐடிலிங் குமிழில் இறக்கிக்கொண்டேன்.

இதற்கு மேல் இந்த டயல்களால் ஆகாது. முள்ளின் தடிமனே கால் அங்குலம். எனவே இன்ஜினை அணைத்து, டயலைக் கழற்றி, கொத்தனார் டியூபை மாட்டினேன். இந்த முறை இரண்டு முனைகளுக்குள்ளும் காலியான பேனா ரீபில் துண்டு ஒன்றைச் செருகியிருந்தேன். துளை சிறுத்தால் எண்ணெய் நிதானமாக நகரும். கிளப்பினேன். எண்ணெய் இடப்பக்கம் ஏறத் தொடங்கியது. என் கை சாவியின் மேலேயே இருந்தது. ஒரு சாண் உயரத்தில், இரண்டு மட்டத்துக்கும் 16 சென்டிமீட்டர் வித்தியாசத்தில், அது நின்றது. டயல் சமம் என்று சத்தியம் செய்த வண்டி இது! பாதரசக் கணக்கில் ஒரு சென்டிமீட்டர்தான், பொறுக்கக்கூடிய அளவுக்குள்தான். ஆனாலும் கண்ணெதிரே ஒரு சாண் கோணலைப் பார்த்துக்கொண்டு எப்படி விடுவது? திருப்புளியை நுழைத்து, திருகைத் திருப்பினேன் என்றுகூடச் சொல்ல முடியாது, திருப்ப நினைத்தேன். எண்ணெய் இறங்கத் தொடங்கியது. இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் நின்றபோது கிளட்ச் பக்கச் சத்தம் சுத்தமாக நின்றுபோயிருந்தது. ஹேண்டில்பார் முனையில் ஒட்டியிருந்த நடுக்கமும் இல்லை. வாசற்படியில் உட்கார்ந்திருந்த மனைவி, "அணைத்துவிட்டீர்களா?" என்று கேட்டார்.

அன்று மாலையே பர்லியார் வரை இறங்கி ஏறினேன். வளைவுக்குள் உதறல் இல்லை. ஆக்ஸிலரேட்டரைத் திறந்தால் திறந்த அளவுக்கு வண்டி போகிறது, அவ்வளவுதான். இதைப் பெரிதாக எழுத ஒன்றுமில்லை. மைலேஜ் கூடியதா என்று கேட்பவர்களுக்கு: கூடவில்லை. கூடும் என்று பெட்டியின் மேல் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம்.

கோத்தகிரியில் மெக்கானிக் நண்பர் ஒருவர், 1980களில் எஸ்கார்ட்ஸ் யமஹா உரிமத்தில் செய்த ராஜ்தூத் 350 வைத்திருக்கிறார். அதற்கும் இரண்டு கார்புரேட்டர் என்பதால் பெட்டியை ஒரு வாரம் கடன் வாங்கிப் போனார். பிரிக்காமலே திருப்பித் தந்தார். அந்த வண்டியில் குழாய் மாட்ட முனையே கிடையாது, டூ-ஸ்ட்ரோக் வேறு. அவர் செய்வது இப்படி: இரண்டு கார்புரேட்டரிலும் மேலும் கீழும் நகர்ந்து காற்று வழியைத் திறக்கும் சிலைடுக்கு அடியில் ஒரே அளவுள்ள டிரில் பிட்டை நுழைத்து, இரண்டும் ஒரே இறுக்கத்தில் பிடிக்கும்வரை கேபிள் நட்டைத் திருகுவார். கேபிளின் மூன்றாவது கிளை எண்ணெய்ப் பம்புக்குப் போகிறது. அதன் குறியையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வார். பிறகு ஒரு பிளக் தொப்பியைக் கழற்றி எர்த் செய்து ஒற்றைச் சிலிண்டரில் ஓடவிட்டுக் கேட்பார், அடுத்து மற்றதை. ராஜ்தூத் 350 வைத்திருப்பவர்கள் இந்தப் பெட்டியை வாங்க வேண்டாம். நல்ல டிரில் பிட் ஜோடி ஒன்று வாங்கினால் போதும்.

நிஞ்சாவுக்கு வாங்கலாமா? ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் கொடுக்கிறேன். பித்தளைக் குமிழுக்கும் கிளிசரினுக்கும் மூன்று. குழாய்க்கும், பொய் சொல்லும் வலது டயலுக்கும், கடையின் பதிலுக்கும் சேர்த்து இரண்டு போச்சு. ஓராண்டில் மூன்று முறை பயன்படுத்தியிருக்கிறேன். வலது டயலின் கண்ணாடி விளிம்பில் கிளிசரின் லேசாகக் கசியத் தொடங்கியிருக்கிறது. பொட்டு மட்டும் அழியவில்லை, நகப்பூச்சு நல்ல கம்பெனி.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் மகனிடம் திட்டு வாங்கினேன். சமன் செய்த கையோடு, இங்கத்திய மெல்லிய காற்றுக்குப் பெட்ரோல் அதிகமாகப் போகிறதென்று இரண்டு பைலட் திருகையும் அரைச் சுற்று உள்ளே திருகிவிட்டேன். இந்த வகைக் கார்புரேட்டரில் அது கலவைத் திருகு. உள்ளே போனால் பெட்ரோல் குறையும். ராஜ்தூத்தில் இருப்பது காற்றுத் திருகு, அதில் நேர் எதிர், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். குன்னூரில் காலையில் சோக்கை அமுக்கியதும் கிளம்பி, புகை வாடையில்லாமல் வண்டி அழகாக ஓடியது. மகன் அதைக் கோயம்புத்தூருக்கு எடுத்துப்போனான். இரண்டு நாள் கழித்து அழைப்பு: "அப்பா, சிக்னலில் ஆக்ஸிலரேட்டரை விட்டால் சைலன்சரில் பட்டாசு வெடிக்கிறது. எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள்." காற்று கனமான ஊரில் பெட்ரோல் பற்றாமல் போய்விட்டது. சமன் செய்ததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை; நடுத் திருகு எந்த ஊரிலும் ஒன்றுதான், அதைத் தொடாதே, பைலட் திருகை மட்டும் அரைச் சுற்று வெளியே எடு என்றேன். அதற்கு வளைந்த கழுத்துத் திருப்புளி வேண்டும், என்னிடம் எங்கே இருக்கிறது என்றான். ஞாயிற்றுக்கிழமை மேலே வா என்றேன். அவன் வண்டியைச் சரிசெய்ய வந்தானோ, அம்மா செய்யும் அவரைக் குழம்புக்கு வந்தானோ, வந்தான்.

மொத்தச் செலவு: டயல் 2,340, பெட்ரோல் குழாய் 180, டி இணைப்பு 10. இதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கொத்தனார் சுவரை முடித்துவிட்டு டியூபைக் கேட்டு வந்தார். நீலமாகி, எண்ணெய் நாற்றத்தோடு, இரண்டு முனையிலும் ரீபில் துண்டு செருகியிருந்த டியூபை வாங்கி மேலும் கீழும் பார்த்தார். "இதில் இனி எப்படி மட்டம் பார்ப்பது, ஐயா?" என்றார். புது டியூப், 140 ரூபாய்.